7-4 வைத்துத் தள்ளியவர் விசரர் இல்லை

கேள்வி: தம்பி, எனக்கு 52 வயது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், வேர்ஹவுஸில் இரவு வேலை. மூன்று வருடமாக ஒன்லைனில் சிட் அண்ட் கோ போக்கர் ஆடுகிறேன், ஒன்பது பேர் சேர்ந்ததும் தொடங்கும் சிறு போட்டி. 5 டொலர் மேசையில் கையைக் கடிக்காமல், கொஞ்சம் லாபமாகவே போனது. இந்த வருடம் 10 டொலர் மேசைக்கு ஏறினேன். 140 ஆட்டம் முடிந்துவிட்டது, 300 டொலருக்கு மேல் நட்டம். கடைசி 11 ஆட்டத்தில் ஒரு பரிசும் இல்லை. அனேகமாக நாலாவதாகத்தான் வெளியேறுகிறேன். போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். நாலு பேர் மிச்சம், எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே அளவு சிப். பிளைண்ட் 150/300 (சீட்டுப் பார்க்க முன்பே ஸ்மால் பிளைண்ட் 150, பிக் பிளைண்ட் 300 சிப் போட வேண்டும்). நான் பிக் பிளைண்ட், கையில் கலர் சேராத கிங்-9. முதல் இருவரும் ஃபோல்ட், கையை விட்டுவிட்டார்கள். ஸ்மால் பிளைண்டில் இருந்தவன் யோசிக்காமல் ஆல் இன், தன் சிப் எல்லாவற்றையும் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் செய்கிறான். பொறுத்துப் பார்த்து இந்த முறை கால் பண்ணினேன், நானும் எல்லாவற்றையும் போட்டேன். அவன் திறந்தது என்ன தெரியுமோ? 7-4! கடைசிச் சீட்டில் 4 வந்து நான் வெளியே. இந்த விசர் ஆட்டத்துக்கு எதிராக எப்படி ஆடுவது? இன்னொன்று: 5 டொலர் மேசையில் நான் ரெய்ஸ் பண்ணி (தொகையை ஏற்றி), ஃப்ளாப்பிலும் (நடுவில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு) கட்டினால் ஓடிவிடுவார்கள். இங்கே திருப்பி ரெய்ஸ் பண்ணுகிறார்கள். நான் எதை மாற்ற வேண்டும்?

பதில்: அண்ணா, அந்த 7-4 காரரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் விசரர் இல்லை. அந்த இடத்தில் சரியாக ஆடியவர் அவர்தான். நீங்கள் கிங்-9 வைத்துக் கால் பண்ணியதுதான் பிழை. கடைசியில் 4 வந்ததால் அதைப் பிழை என்று சொல்லவில்லை. வராமல் நீங்கள் வென்றிருந்தாலும் அது பிழைதான்.

கோபம் வரும் என்று தெரியும். சீட்டைத் திறந்தபோது நீங்கள்தானே முன்னால் இருந்தீர்கள், ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு பங்கு வாய்ப்போடு. ஆனால் கால் பண்ணும் நேரத்தில் உங்களுக்கு அவருடைய சீட்டுத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவர் எதை வைத்தும் தள்ளுவார் என்பது மட்டும். எந்த இரண்டு சீட்டாகவும் இருக்கலாம் என்று வைத்தால், கிங்-9 நூற்றுக்குச் சுமார் 58 தடவை வெல்லும். "58 என்றால் பாதிக்கு மேல், பிறகென்ன?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குள்தான் உங்கள் 300 டொலரில் ஒரு நல்ல பங்கு இருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். உங்கள் மேசை 10 டொலர், கட்டணம் 1 டொலர் என்றும், பரிசை 50, 30, 20 வீதம் பிரிக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது பேர், 90 டொலர். முதல் பரிசு 45, இரண்டாவது 27, மூன்றாவது 18. ஆளுக்கு 1500 சிப்பில் தொடங்கினால் மொத்தம் 13,500. நாலு பேரிடம் சமமாக இருக்கும்போது ஆளுக்கு 3375. அந்த நிமிடத்தில் உங்கள் இடத்தின் பெறுமதி 90ல் கால் பங்கு, அதாவது 22 டொலர் 50 சதம்.

கால் பண்ணி வென்றால் உங்கள் சிப் இரட்டிப்பாகும். பணமும் 45 டொலராக இரட்டிக்குமா? இரட்டிக்காது. மேசையில் உள்ள எல்லாச் சிப்பையும் வென்றாலே 45தான் கிடைக்கும். ஒருவர் வெளியேறி, உங்களிடம் பாதி, மற்ற இருவரிடம் கால் கால் என்று இருக்கும் நிலையில், நீங்கள் முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் வாய்ப்புகளைக் கூட்டிப் பார்த்தால் உங்கள் பங்கு 34 டொலர் 50 சதம். வென்றால் 12 டொலர் கூடுகிறது. தோற்றால் 22.50 போகிறது. வெல்வதும் தோற்பதும் இங்கே ஒரே எடை இல்லை.

இனி, ஃபோல்ட் பண்ணியிருந்தால்? பிளைண்டில் போட்ட 300 போய் 3075 சிப் மிச்சம் இருக்கும். அதன் பெறுமதி ஏறக்குறைய 21 டொலர் 18 சதம். கிங்-9 வைத்துக் கால் பண்ணினால் நூற்றில் 58 தடவை 34.50, மீதி 42 தடவை சைபர். சராசரி 20 டொலர். ஆக, அந்த ஒரு கால் உங்களிடமிருந்து 1 டொலர் 17 சதத்தை எடுத்துக்கொண்டது. ஓர் ஆட்டத்துக்குத் தளம் வாங்கும் கட்டணத்தைவிட அதிகம்! 4 வந்ததோ வராததோ இந்தக் கணக்கில் இல்லை.

சிப்பை மட்டும் எண்ணினால் அந்தக் காலுக்கு 46 வீத வாய்ப்பே போதும். பரிசுப் பணத்தை எண்ணினால் 61 வேண்டும். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் 5 டொலர் மேசைக்கும் 10 டொலர் மேசைக்கும் உள்ள வித்தியாசம் கிடக்கிறது. அங்கே பெரும்பாலானவர்கள் சிப்பை எண்ணுகிறார்கள். இங்கே பாதிப் பேர் பணத்தை எண்ணுகிறார்கள்.

சிப்பைப் பரிசுப் பணமாக மாற்றிப் பார்க்கும் இந்தக் கணக்குக்கு ஐசிஎம் என்று பெயர். கேட்கப் பெரிதாக இருக்கும், உள்ளே இருப்பது குதிரைப் பந்தயக் கணக்கு. ஒரு குதிரை முதலாவதாக வரும் வாய்ப்புத் தெரிந்தால் அது இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் வாய்ப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று 1973ல் டேவிட் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் எழுதினார். அதையே 1987ல் மேசன் மால்மத் போக்கர் போட்டிகளுக்குப் பொருத்தினார். இன்று இலவசக் கணிப்பான்கள் இணையத்தில் கிடக்கின்றன. ஆட்டம் முடிந்த பிறகு திறந்து பாருங்கள். ஆடும்போது திறக்க வேண்டாம், தளங்கள் அதை அனுமதிப்பதில்லை.

அப்போ எதை வைத்துக் கால் பண்ணலாம்? எதையும் வைத்துத் தள்ளும் ஆளுக்கு எதிராக, அதே சிப், அதே பிளைண்ட் என்றால், ஜோடி 6 அல்லது அதற்கு மேல், ஏஸ்-10 அல்லது அதற்கு மேல். கிங்-குயின் கோட்டின் மேல் நிற்கும், கால் பண்ணினாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மொத்தத்தில் பத்துக் கையில் ஒன்றுதான். அவர் கொஞ்சம் பார்த்துத் தள்ளுகிறவர் என்றால் இன்னும் இறுக்க வேண்டும். நாலாவது ஆளிடம் இரண்டு பிளைண்ட் அளவு சிப்தான் மிச்சம் என்றால் ஏஸ்-ஜாக்கையும் ஃபோல்ட் பண்ணிவிடுங்கள். அந்த ஆள் வெளியேறும்வரை காத்திருப்பதற்கே உங்களுக்குக் காசு.

304 சீட்டாட்டம் ஆடி வளர்ந்த கை நம்முடையது. அதில் 9 என்றால் 20 புள்ளி, ஜாக்குக்கு அடுத்த பெரிய சீட்டு. கிங்கோடு 9 வரும்போது மனம் துள்ளுவதற்கு அந்தப் பழக்கமும் காரணமோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். போக்கரில் 9 வெறும் 9தான்.

இப்போது 7-4 காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் பத்துக்கு ஒன்பது தடவை ஃபோல்ட் பண்ணியாக வேண்டும், கணக்கு அப்படி. அப்படியென்றால் அவர் கையில் 7-4 இருந்தால் என்ன, ஏஸ்-கிங் இருந்தால் என்ன? அவர் தள்ளுவது தன் சீட்டை நம்பி இல்லை, உங்கள் ஃபோல்டை நம்பி. நீங்கள் பல தடவை பொறுத்துப் போனதையும் பார்த்திருக்கிறார். கடைசியில் பொறுமை போய் நீங்கள் கால் பண்ணியதில் அவருக்கும் நட்டம், உங்களுக்கும் நட்டம். அந்த ஒரு டொலர் 17 சதம் அவரிடமும் போகவில்லை, பக்கத்தில் ஃபோல்ட் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மற்ற இருவரிடம் போனது.

கடினமான எதிராளி வந்தால் நாமும் இறுக்கமாக ஆட வேண்டும், நல்ல சீட்டு வரும்வரை பதுங்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைப்போம். நானும் அப்படி நினைத்து ஒன்றரை வருடம் நாலாவதாக வந்துகொண்டிருந்தேன், பள்ளிக்கூடக் கொப்பியில் ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதி வைத்திருக்கிறேன், சாட்சி இருக்கிறது. உண்மை நேர்மாறு. கணக்குத் தெரிந்தவருக்கு ஃபோல்ட் பண்ணத் தெரியும். ஆகவே அவர் மீதுதான் துணிந்து தள்ளலாம். கிங்-9 கையில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கால் பண்ணுகிறவர் பிக் பிளைண்டில் இருக்கும்போதுதான் 7-4ஐத் தள்ளக் கூடாது. அண்ணா, குறை நினைக்க வேண்டாம், அந்த இரண்டாவது ரகமாக அன்றைக்கு இருந்தவர் நீங்கள்.

அதனால் முதல் மாற்றம் இது. நாலு பேர் மிஞ்சியதும் சீட்டைப் பார்க்க முன்பே ஒன்றைப் பாருங்கள்: எனக்கு இடப்பக்கம் இருப்பவர் ஃபோல்ட் பண்ணத் தெரிந்தவரா? ஆம் என்றால், உங்களுக்கு முன்னால் எல்லாரும் ஃபோல்ட் பண்ணி, நீங்கள் ஸ்மால் பிளைண்டில் இருக்கும்போது, நீங்கள் தள்ளுங்கள். அவர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குச் செய்யலாம். முதலில் தள்ளுகிறவருக்குத்தான் இந்த இடத்தில் காசு, கால் பண்ணுகிறவருக்கு இல்லை. இல்லை, அவர் எதையும் கால் பண்ணுகிற ஆள் என்றால் நல்ல சீட்டு வரும்வரை இருங்கள். வென்ற கைகளில் யார் எதைத் திறந்து காட்டினார்கள் என்பதைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தளங்களில் குறிப்பு எழுத இடம் உண்டு, ஆனால் "விசரன்" என்று எழுதி வைத்தால் பிரயோசனம் இல்லை. "4 பேர், ஸ்மா.பி., 7-4 தள்ளினார்" என்று எழுதினால் அடுத்த மாதம் உதவும்.

ஆறு பேர் இருக்கும் கட்டத்திலும் இதே யோசனை ஓடும். பிளைண்ட் 100/200. பட்டனில் (பிளைண்ட் இருவருக்கும் சற்று முன்பு முடிவெடுக்கும் இடம்) இருக்கும் ரெகுலர், வழக்கமாக ஆடுகிறவர், 400க்கு ரெய்ஸ் பண்ணுகிறார். 300 சிப்பை எடுக்க 400 போடுகிறார், பிளைண்டில் இருக்கும் இருவரும் நூற்றுக்கு 57 தடவைக்கு மேல் விட்டுவிட்டால் ஃப்ளாப்பே வேண்டாம், அவருக்கு லாபம். பழக்கப்பட்டவர் ஆகையால் பாதிக் கையை வைத்து இதைச் செய்வார். உங்களிடம் 2400 சிப், கையில் ஒரே கலரில் ஏஸ்-5 என்றால் சும்மா கால் பண்ணிவிட்டு ஃப்ளாப்பைப் பார்த்து முழிக்க வேண்டாம், மொத்தமாகத் தள்ளுங்கள். அவருடைய பாதிக் கையில் பெரும்பகுதியை அவர் ஃபோல்ட் பண்ணியாக வேண்டும். 5 டொலர் மேசையில் இதைச் செய்தால் கிங்-8 வைத்துக்கொண்டு "என்னதான் இருக்கு, பார்ப்போம்" என்று வருவார்கள்.

ஃப்ளாப் விஷயம். ஃப்ளாப்பில் என்ன வந்தாலும் கட்டுவது உங்கள் வழக்கம் என்று கடிதத்திலிருந்து புரிகிறது. பிளைண்ட் 15/30 இருக்கும்போது ஏஸ்-குயினோடு 75க்கு ரெய்ஸ் பண்ணுகிறீர்கள், பிக் பிளைண்ட் மட்டும் வருகிறார், நடுவில் சேர்ந்தது 165 சிப். ஃப்ளாப் 8-7-5. அவர் செக், ஒன்றும் கட்டவில்லை. நீங்கள் 110 கட்டுகிறீர்கள், அவர் 300க்கு ஏற்றுகிறார், நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபோல்ட் பண்ணிவிடுகிறீர்கள். இது அவருடைய ஃப்ளாப் அண்ணா. 9-8, 7-6, 6-4, ஜோடி 5 எல்லாம் அவரிடம்தான் இருக்கும், முன்னாலிருந்து ரெய்ஸ் பண்ணிய உங்களிடம் அனேகமாக இருக்காது. இது அவருக்கும் தெரியும். பேசாமல் நீங்களும் செக் பண்ணுங்கள். ஏஸோ குயினோ அடுத்த இரண்டு சீட்டில் விழ நாலுக்கு ஒன்று வாய்ப்பு இருக்கிறது, அதில் முதல் சீட்டாவது காசு கொடுக்காமல் கிடைக்கும். அதே இடத்தில் கிங்-7-2 மூன்று கலரில் விழுந்தால் கட்டுங்கள், ஆனால் 110 வேண்டாம், 55 போதும். 165ஐ எடுக்க 55 போட்டால் நாலு தடவையில் ஒரு தடவை அவர் ஓடினாலே போட்டது திரும்பி வந்துவிடும், அந்த ஃப்ளாப்பில் அவர் அதைவிட அதிகம் ஓடுவார்.

ஃப்ளாப்புக்குப் பிறகான ஆட்டத்தை இதற்கு மேல் நீட்டவில்லை. சிட் அண்ட் கோவில் அது கொஞ்ச நேரம்தான், பிளைண்ட் ஏறியதும் எல்லாம் தள்ளுவதும் ஃபோல்ட் பண்ணுவதுமாகிவிடும். உங்கள் நேரத்தை நாலு பேர் மிஞ்சும் கட்டத்தில் செலவழியுங்கள்.

சரி, இனி நீங்கள் கேட்காத ஒன்று. வேலை முடிந்து வந்து எத்தனை மணிக்கு ஆடுகிறீர்கள்? விடியப்புறம் என்று ஊகிக்கிறேன். ஒன்ராறியோ மாகாணம் தன் ஒன்லைன் சூதாட்டச் சந்தையை 2022 ஏப்ரல் 4ல் திறந்தபோது, இங்கே அனுமதி பெற்ற தளங்கள் ஒன்ராறியோ ஆட்டக்காரர்களைத் தனிக் குளமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. முன்பு ஐரோப்பாவில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சும்மா வந்து ஆடுகிறவர்களோடும் அமர்ந்தோம். பிரித்த பிறகு மாகாணத்துக்குள் இருப்பவர்கள் மட்டும்தான். குளம் சின்னதானால் ஒரே மீன்தான் திரும்பத் திரும்ப வலையில் மாட்டும். விடியப்புறம் 4 மணிக்கு 10 டொலர் சிட் அண்ட் கோவின் காத்திருப்புப் பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஐந்து பெயர் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வெள்ளி, சனி இரவு 9 மணிக்கு ஒன்றோ இரண்டோதான் தெரிந்த பெயர்.

இது ஏன் முக்கியம் என்றால் அந்த 1 டொலர் கட்டணம். மேசையில் ஒன்பது பேரும் சம திறமைசாலிகள் என்று வையுங்கள். நீண்ட கணக்கில் யாரும் யாரையும் வெல்லப் போவதில்லை, ஆளாளுக்கு 100 ஆட்டத்துக்கு 100 டொலர் தளத்துக்குப் போகும், அவ்வளவுதான். நல்லாய் ஆடுகிறவர்களோடு நல்லாய் ஆடி நட்டப்படலாம். அதனால் தெரிந்த பெயர் மூன்றுக்கு மேல் இருந்தால் பதிய வேண்டாம், படுத்துத் தூங்குங்கள். வாரத்தில் பல நாள் ஆடுகிறீர்கள் என்றால் அதை இரண்டு இரவாகச் சுருக்க முடியுமா பாருங்கள், அந்த இரண்டும் வார இறுதி இரவாக இருக்கட்டும். நான் மேலே எழுதிய ஐசிஎம் எல்லாவற்றையும்விட இதில் உங்களுக்கு அதிகம் மிஞ்சக்கூடும். ஆனால் நேரத்தை மாற்றச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, புதுச் சூத்திரம் கேட்கத்தான் விருப்பம்.

11 ஆட்டம் வெறுங்கையாகப் போனதைப் பற்றி. ஒன்பது பேரில் மூன்று பேருக்குப் பரிசு, சராசரி ஆட்டக்காரர் மூன்று ஆட்டத்தில் இரண்டில் வெறுங்கையோடுதான் எழும்புவார். 500 ஆட்டம் ஆடினால், தொடர்ந்து 11 ஆட்டம் பரிசில்லாமல் போகும் ஓட்டம் ஒன்றோ இரண்டோ எதிர்பார்க்க வேண்டியதுதான். அதை வைத்து எதையும் மாற்ற வேண்டாம். 140 ஆட்டத்தின் நட்டத்தையும் பெரிய தீர்ப்பாக எடுக்க வேண்டாம், நல்ல ஆட்டக்காரருக்கும் 140 ஆட்டத்தில் இப்படி விழும். நாலாவதாக வருவது வழக்கமாகிவிட்டது என்று எழுதினீர்களே, அதை மட்டும் நான் நம்புகிறேன். அது அதிர்ஷ்டக் கதை இல்லை.

போக்கருக்கென்று ஒதுக்கிய காசு 500 டொலருக்குக் கீழே போயிருந்தால் 5 டொலர் மேசைக்கு இறங்கி, மேலே சொன்னதை அங்கே கைப்பழக்கமாக்கிக்கொண்டு வாருங்கள். இறங்குவதில் ஒரு வெட்கமும் இல்லை, நான் இரண்டு தடவை இறங்கியிருக்கிறேன். அந்த 300 டொலர் வீட்டுக் காசிலிருந்து போகிறது, விட்டதைப் பிடிக்கத்தான் விடியப்புறம் ஆடுகிறேன் என்றால் என் கணக்கு எதுவும் உங்களுக்கு இப்போது வேண்டாம். சூதாட்டப் பிரச்சினைக்கு உதவும் கனெக்ஸ்ஒன்ராறியோ தொலைபேசிச் சேவைக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

இந்தியாவிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பணம் கட்டி ஆடும் ஒன்லைன் ஆட்டங்களை, திறமை ஆட்டம் என்றாலும், தடை செய்கிறது. மேலே உள்ள கணக்கை வீட்டில் பிளாஸ்டிக் சிப்போடு போட்டுப் பாருங்கள்.

அண்ணா, ஒரு வேலை தருகிறேன். அடுத்த 30 ஆட்டத்தில் நாலு பேர் மிஞ்சும் கட்டத்துக் கைகளை மட்டும் எழுதி அனுப்புங்கள். நாலு பேரின் சிப், பிளைண்ட், யார் தள்ளினார், நீங்கள் என்ன செய்தீர்கள், அது போதும். வென்றதா தோற்றதா என்று எழுத வேண்டாம். 7-4 காரர் மறுபடி மேசைக்கு வந்தால், இந்த முறை அவருக்கு வலப்பக்கம் நீங்கள் இருந்து, உங்கள் கையில் 8-3 வந்து, முன்னால் எல்லாரும் ஃபோல்ட் பண்ணினால், என்ன செய்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.